ஏரிக்கரை முனைக்குப் பதினோரு ஓட்டு

நான் அம்பு ஒட்டுகிறவள். ஷூ கம்பெனியில் கடைசிப் பரிசோதனை மேஜை என்னுடையது. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஜோடியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்கே தையல் தப்பியிருக்கிறதோ, எங்கே பசை வழிந்திருக்கிறதோ, உயிரோடு இருந்த காலத்தில் மாட்டை முள் கிழித்த தழும்பு தோலில் எங்கே தெரிகிறதோ, அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பின் முனை குற்றத்தைத் தொட வேண்டும். சும்மா "நல்லால்ல" என்று தூக்கிப் போட முடியாது. எது நல்லால்ல என்று காட்ட வேண்டும். பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பார்க்காமல் ஒரு ஜோடியைக்கூட பாஸ் போட்டதில்லை என்று பஸ்ஸில் பெருமை அடித்துக்கொள்வேன். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. அங்கேயும் அம்புதான். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை இருக்கிறவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இல்லாதவர்கள் செத்துப்போனவர்கள் மட்டும்தான். அவர்களிலும் இரண்டு மூன்று பேர் பெயர் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பதிவு போடலாம். பதிவுக்கு அடியில் மேலே பார்க்கிற அம்பு ஒன்று, கீழே பார்க்கிற அம்பு ஒன்று. பிடித்தால் மேல் அம்பை அழுத்து, பிடிக்காவிட்டால் கீழ் அம்பை அழுத்து. மேல் அம்பு ஜாஸ்தி வாங்கிய பதிவு உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மக்களே எழுதி மக்களே தேர்ந்தெடுக்கிற இடம் என்று குழுவின் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

மக்கள் தேர்ந்தெடுக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். குடிதண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று நாளாகத் தெருவில் ஓடுகிறது என்று ஒருவர் படத்தோடு போட்டார். ஆறு அம்பு. அதே நாளில், குழுவை நடத்துகிற மூன்று பேரில் ஒருவரான செல்போன் கடைக்காரர், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏலகிரி மலையில் நிற்கிற படத்தைப் போட்டார். ஊரே திரண்டு போய் அம்பு விட்டது. "மாஸ் அண்ணா." "வேற லெவல் அண்ணா." "மலைக்கே பெருமை அண்ணா." அந்த மலைக்கு அண்ணனால் என்ன பெருமை வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குழாய் மட்டும் ஒரு வாரம் ஓடியது.

எங்கள் தெருவில் ரம்ஜானுக்கு பாய் வீட்டிலிருந்து பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பலகாரம் அனுப்புவோம். வந்த தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது வழக்கம். நல்ல வழக்கம்தான், தட்டுக்கு. அதையே கொண்டுபோய் அம்பிலும் நுழைத்துவிட்டார்கள். நீ என் பேரனின் மொட்டையடித்த படத்துக்குப் போட்டாய், நான் உன் புது மிக்ஸிக்குப் போடுகிறேன். பதிவில் என்ன இருக்கிறது என்று படிக்கிற பேச்சே கிடையாது. பெயரைப் பார்ப்பது, அழுத்துவது, அடுத்ததுக்குத் தாவுவது. கூட்டத்தோடு கோவிந்தா போடுவதற்கு ஒரு விரல் போதும் என்று ஆகிவிட்டது.

நடத்துகிற மூவருக்கும் சட்டம் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கேற்ற மாதிரி வளையும். வேண்டாதவன் தன் கடைக்கு விளம்பரம் போட்டால் "வியாபாரப் பதிவுக்கு அனுமதி இல்லை" என்று பத்து நிமிடத்தில் தூக்கிவிடுவார்கள். மச்சான் போட்டால் அது "நம்ம ஊர்த் தொழில்முனைவோர்". இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு வாயில் வராத வார்த்தை இல்லை. என் வீட்டுக்காரர், "அவ்ளோ கேவலமா இருந்தா வெளிய வந்துட வேண்டியதுதானே" என்பார். வெளியே வந்துவிட்டால் யாரைத் திட்டுவது?

நானும் யோக்கியம் இல்லை. கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது. வெளிநாட்டுக்காரர்களின் புது டிசைனைப் படம் எடுத்து அனுப்பிவிடுவோமாம். அதனால் காலையில் வாசலில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பெரிய துணித் தொங்கல் மாட்டியிருக்கும், அதில் நம்பர் போட்ட பைகள். வரிசையில் போய் அவரவர் பையில் போனைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். எங்கள் லைன் சூப்பர்வைசர் அந்தத் தொங்கலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். அவர் மகளுக்கு ஏதாவது ஒரு போட்டி குழுவில் எப்போதும் நடந்துகொண்டிருக்கும். கலர் அடிக்கிற போட்டி, மாறுவேடப் போட்டி, திருக்குறள் ஒப்பிக்கிற போட்டி. "மேடம், பாப்பாவுக்கு ஒரு ஓட்டு" என்பார். போனைப் பையில் போடுவதற்கு முன்னால் எல்லாரும் அங்கேயே நின்று ஒரு அழுத்து அழுத்துவோம். சைரன் அடிக்கிற நேரத்தில் அவசரப்படுகிறவர்கள் போன் லாக்கை எடுத்துவிட்டு அவரிடமே நீட்டிவிடுவார்கள். அவரே போட்டுக்கொள்வார். அந்தக் குழந்தையின் படத்தை நான் ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை. நாலு கோப்பை ஜெயித்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்களை ஏற்றிக்கொண்டு போக கம்பெனி பஸ் வரும். முன்பு அது ஹைவேயிலிருந்து இறங்கி, பாலத்துக்கு அடியில் புகுந்து, எங்கள் பக்கம் ஏரிக்கரை முனை வரை வந்து நிற்கும். எங்கள் ஊரிலிருந்து எட்டுப் பொம்பளைகள் அங்கே ஏறுவோம். இந்த வருடம் பஸ் காண்டிராக்ட் மாறியது. புதுக்காரர், உள்ளே வந்து திரும்பினால் பத்து நிமிடம் வீண், ஹைவேயிலேயே ஒரே ஒரு இடத்தில் நிறுத்துகிறேன் என்றார். நாங்கள் கத்தினோம். ஆபீஸில் எச்.ஆர். அம்மா, படித்த பெண், சிரித்துக்கொண்டே, "உங்க ஊர்க் குழுவிலயே ஓட்டு விட்டுடலாம். எந்த இடம் ஜாஸ்தி ஓட்டு வாங்குதோ அங்க பஸ் நிக்கும்" என்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கெடு. போட்டியில் இரண்டு இடம். ஒன்று எங்கள் ஏரிக்கரை முனை. இன்னொன்று ஹைவேக்கு அந்தப் பக்கம், பழைய செக்போஸ்ட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை. டீக்கடை எங்கள் சூப்பர்வைசரின் மச்சானுடையது.

டீக்கடையில் நின்றால் எங்களுக்கு என்ன ஆகும் என்பது ஹைவேயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறு வழிச் சாலை. நடுவில் இடுப்பளவு தடுப்புச் சுவர். லாரி வருகிற இடைவெளி பார்த்து ஓடி, சுவர் ஏறிக் குதித்து, மறுபடியும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் பாலம் வரை நடந்து சுற்றி வர வேண்டும். அதற்கு முக்கால் மணி முன்னதாகக் கிளம்ப வேண்டும். எனக்குக்கூடப் பரவாயில்லை, ஏறிவிடுவேன். என் பக்கத்து வீட்டுக்காரியால் முடியாது.

அவள் தையல் மெஷினில் இருக்கிறாள். முப்பது வயசு. மூன்று வருடத்துக்கு முன் மொபெட்டிலிருந்து விழுந்து இடது முழங்காலில் ஆபரேஷன். வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்த பிளேட் இன்னும் உள்ளே இருக்கிறது. சமதரையில் நடந்தால் தெரியாது. படி ஏறினால் பல்லைக் கடிப்பாள். காலையில் பிள்ளையை அங்கன்வாடி டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருகிறவளுக்கு முக்கால் மணி முன்னதாகக் கிளம்ப வழியில்லை. பஸ் டீக்கடைக்குப் போனால் அவளுக்கு வேலை போயிற்று. இது எட்டுப் பேருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும்.

"நீங்கதான் நல்லா எழுதுவீங்க, ஒரு பதிவு போட்டுக் குடுங்கக்கா" என்று வந்தாள். எனக்கு யாராவது நல்லா எழுதுவாய் என்று சொன்னால் போதும், சோறு தண்ணி வேண்டாம். உட்கார்ந்து எழுதினேன். ஆறு வழிச் சாலையை எழுதினேன், தடுப்புச் சுவரின் உயரத்தை எழுதினேன், எட்டுப் பேர் எங்கள் பக்கம், இரண்டே பேர் அந்தப் பக்கம் என்று எழுதினேன். முழங்காலைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். "பாவம்னு ஓட்டுப் போட வேணாம்க்கா. படிச்சுப் பாத்துட்டுப் போடட்டும்." பதிவைப் போட்டுவிட்டு முதல் ஓட்டை நானே போட்டேன்.

டீக்கடைப் பதிவில் ஒரே வரி. "நம்ம கடைக்கு நம்ம சப்போர்ட்." கூடவே மச்சான் நுரை பொங்க டீ ஆற்றுகிற படம். பஸ் என்கிற வார்த்தையே அதில் இல்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் அதற்கு இருநூறு ஓட்டு. யார் போட்டது என்று பெயரை அழுத்தினால் பட்டியல் வரும். நான் உட்கார்ந்து பார்த்தேன். ஜோலார்பேட்டையில் ரயில்வே உத்தியோகம் பார்க்கிற ஒருவர் போட்டிருந்தார். அவர் வாழ்நாளில் எங்கள் கம்பெனி பஸ்ஸைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். துபாயில் இருக்கிற மூன்று பேர். அங்கிருந்து கிளம்பி வந்து டீக்கடை ஸ்டாப்பில் ஏறப்போகிறார்களா? கணியம்பாடியில் வேர்க்கடலை போட்டிருக்கிற விவசாயி ஒருவர், சூப்பர்வைசருக்குச் சம்பந்தி முறை. அடியில் நூறு கருத்து. "வெற்றி நமதே." எதில் வெற்றி, எது நமது, ஒருத்தருக்கும் தெரியாது. இதில் கொடுமை, எங்கள் எட்டுப் பேரிலேயே இரண்டு பேர் டீக்கடைக்குப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு ஒருத்தி, "சார் கேட்டாருக்கா, எப்டி இல்லன்றது" என்றாள். நாளைக்குச் சுவர் ஏறிக் குதிக்கப் போகிறவள் அவள்தான். தன் காலில் தானே கோடாலியைப் போட்டுக்கொள்வதற்கும் சாரைக் கேட்டுத்தான் போடுகிறார்கள்.

எங்களுக்கு விழுந்தது பதினொன்று. அந்தப் பதினொன்றும் அவளுக்கு மனப்பாடம். நான், அவள், பஸ்ஸில் வருகிற இன்னும் நாலு பேர், அவள் வீட்டுக்காரர், அவர் தம்பிகள் இரண்டு பேர், அங்கன்வாடி டீச்சர், எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற நர்ஸ். சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரிசல் விழுந்த போனைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்ப்பாள். "நர்ஸம்மா நமக்கு இன்னா ஒறவுக்கா? படிச்சுட்டுத்தான் போட்டிருக்காங்க" என்பாள். அவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

புதன்கிழமை செல்போன் கடைக்காரர் டீக்கடைப் பதிவைக் குழுவின் தலையில் ஆணி அடித்து மாட்டினார். யார் திறந்தாலும் முதலில் அதுதான் தெரியும். எங்கள் பதிவு மாறுவேடப் போட்டிக்கும் ரியல் எஸ்டேட் விளம்பரத்துக்கும் கீழே எங்கேயோ போயிற்று. நேராகக் கடைக்கே போனேன். "ரெண்டும் போட்டியில இருக்கறப்ப ஒண்ண மட்டும் எப்டிங்க மேல மாட்டுவீங்க?" என்றேன். அவர் ஒரு போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டே, "ஜாஸ்தி ஓட்டு வாங்குனதத்தானே மேல வெக்க முடியும்? மக்கள் முடிவு மேடம்" என்றார். மேலே வைத்ததால்தான் ஜாஸ்தி வாங்குகிறது என்றேன். "பேஜார் பண்ணாதீங்க, கஸ்டமர் நிக்கறாங்க" என்றார். இனி அந்தக் குழுவைத் திறந்தால் என் கையை வெட்டிக்கொள்கிறேன் என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். கத்தினபடியே திறக்கவும் இல்லை. என் வீம்பு அப்படிப்பட்டது.

மறுநாள் வியாழக்கிழமை பஸ் தாமதம். வாசலில் இறங்கி ஓடும்போதே சைரனுக்கு ஒரு நிமிடம்தான் இருந்தது. தொங்கலுக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர். "மேடம், ஒரு ஓட்டு" என்றார். அவர் மகளின் மாறுவேடம் அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது. லாக்கை எடுத்து, "போட்டுக்கங்க சார்" என்று அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். அன்றைக்கு என் மேஜைக்கு வந்த ஜோடிகளில் பசை வழிசல் அதிகம். நாள் பூரா அம்பு ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனைத் திறந்து பெயர்களை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு, "அக்கா, பதினொண்ணு பத்தாயிடுச்சி" என்றாள்.

"இன்னாது?"

"யாரோ எடுத்து அந்தப் பக்கம் போட்டுட்டாங்க. யாருன்னு நீங்களே பாருங்கக்கா." போனை என் மடியில் வைத்தாள்.

இந்த மாதிரிப் போட்டியில் ஒருவருக்கு ஒரே ஓட்டு. அங்கே போட்டால் இங்கே தானாகக் கழன்றுவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் பஸ் குலுங்கியது, கண்ணாடி பைக்குள் இருந்தது, அதோடு அந்தக் குழுவைப் பார்ப்பதில்லை என்று சபதம் வேறு. இவ்வளவுக்கும் மேலே, எனக்குப் பார்க்கவே தேவையில்லை. ஆள் யாரென்று எனக்குத் தெரியும். போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"இத வேற பாக்கணுமா? அந்த நர்ஸாதான் இருக்கும். அவ அண்ணன் பையனுக்கு நம்ம கம்பெனியில வேலை கேட்டுக்கினு இருக்கா. சூப்பர்வைசர் சொல்லியிருப்பான். பாட்டுல மட்டும் பரலோகம், மத்ததெல்லாம் காரியம்."

"இல்லக்கா, ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

நான் பார்க்கவில்லை. இறங்குகிற வரைக்கும் ஜனங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு அம்பு விடுவதற்கு மனசாட்சி இல்லாத ஜனம், சொந்தபந்தம் பார்த்து நியாயம் சொல்லுகிற ஜனம், இந்த ஊர் உருப்படுமா என்று அடுக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏரிக்கரை முனையில் இறங்கும்போது, "ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் இருக்குதுக்கா. மாத்தணும்னா மாத்திக்கலாம்" என்றாள். நர்ஸுக்குச் சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சொன்னேனே! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் படியில் எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது நர்ஸை மறித்தேன். "போட்ட ஓட்ட எடுத்துட்டீங்களாமே. கூலி என்ன, அண்ணன் பையனுக்கு வேலையா?" என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் எடுக்கலயே" என்றாள். "வேற யாரு எடுத்தது? ஆவியானவரா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நன்றாகத்தான் பேசினேன் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அவள் பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். பதில் இருந்தால் பேசியிருக்க மாட்டாளா என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

ஆறு மணிக்குக் கெடு முடிந்தது. டீக்கடை நானூற்றுச் சொச்சம். ஏரிக்கரை முனை பத்து. குழுவில் வாண வேடிக்கைப் படங்களாகப் போட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏரிக்கரைக்குக் கடைசித் தடவையாக வந்தது. புது ஸ்டாப் மறுநாளிலிருந்து. கம்பெனி வாசலில் போனைப் பையில் போடப் போனேன். சூப்பர்வைசர் வாயெல்லாம் பல்லாக, "தேங்க்ஸ் மேடம்" என்றார். "எதுக்கு சார்?" என்றேன். "இன்னா மேடம் இப்டிக் கேக்கறீங்க? நீங்களே எதிர்த்துப் பதிவு போட்டுட்டு, அப்றம் நம்ம பக்கம் வந்துட்டீங்களே. மச்சான்கிட்ட சொன்னேன், மேடம் பெரிய மனசுன்னு."

அன்று சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் வாசல் ஓரமாக நின்று, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, டீக்கடைக்குப் போட்டவர்களின் பட்டியலை மேலிருந்து கீழே வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர், துபாய்க்காரர்கள், கணியம்பாடிச் சம்பந்தி. அவர்களுக்குக் கீழே நான். வியாழக்கிழமை, காலை, சைரனுக்கு ஒரு நிமிடம் முன்னால். என் மகள் கல்யாணத்தில் நான் பட்டுப் புடவையில் சிரிக்கிற படம் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. துபாய்க்காரனுக்காவது அவன் ஓட்டு எங்கே விழுந்தது என்று தெரியும்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "உனக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"வெள்ளிக்கெழமையே பாத்தேன்க்கா. சாயங்காலம் வாசல்ல போன் குடுத்தாங்க இல்ல, அப்ப."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? பஸ்ஸுல அவ்ளோ பேசனேனே, நிறுத்தியிருக்கக் கூடாதா?"

அவள் இன்னொரு வாய் ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தாள். "நீங்களா பாத்துட்டு மாத்திடுவீங்கன்னு நெனச்சேன். நானா சொல்லி, நீங்க எனக்கோசரம் மாத்தியிருந்தா, அவரு கேட்டு வாங்கனதுக்கும் நான் கேட்டு வாங்கனதுக்கும் இன்னாக்கா வித்தியாசம்?"

நான் சூப்பர்வைசர் ஏமாற்றிய கதையைச் சொன்னேன். போனை நீட்டினதை, சைரனை, மகளின் மாறுவேடத்தை. சொல்லச் சொல்ல எனக்கே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். "பத்தோ பதினொண்ணோ, தோத்துத்தான் இருப்போம்க்கா. உங்களால இல்ல" என்றாள். அது உண்மைதான். அந்த உண்மையால் எனக்கு ஒரு துளிகூட ஆறுதல் இல்லை.

நர்ஸ் வீட்டுக்கும் போனேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். தலை பின்னிக்கொண்டே, "குத்தத்த சர்ச் படியில எல்லார் எதுர்லயும் சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் வீட்டாண்ட வந்து சொல்றீங்க" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே படியில் நின்று சொன்னேன். முன்பு சிரித்தவர்கள் பாதிப் பேர் கேட்காத மாதிரி பிரியாணிக் கடைக்கு நடையைக் கட்டினார்கள். அவதூறுக்கு ஆள் நின்ற மாதிரி மன்னிப்புக்கு நிற்பதில்லை.

குழுவில் என் ஓட்டு திருடப்பட்டது என்று ஒரு பதிவு போட்டேன். செல்போன் கடைக்காரர் "தனிப்பட்ட தாக்குதல்" என்று தூக்கிவிட்டார். தூக்குவதற்குள் அதற்கு மூன்று மேல் அம்பும் அறுபது கீழ் அம்பும் விழுந்திருந்தன. அதில் நான் கேவலமாக நினைக்கிற அத்தனை பேரும் இருந்தார்கள், ஒரு எழுத்து படித்திருக்க மாட்டார்கள். ஆனால் திட்டுவதற்கு வாய் எழவில்லை. போன வாரம் வரைக்கும் நான் அழுத்தியதும் அப்படித்தான்.

புது ஸ்டாப்பில் அவள் பன்னிரண்டு நாள் ஏறினாள். நான் முதலில் சுவரில் ஏறி அந்தப் பக்கம் நின்று கை கொடுப்பேன். வலது காலை மேலே போட்டு, இடது காலைக் கையால் தூக்கி வைத்து, சுவரின் மேல் உட்கார்ந்து, பிறகு இறங்குவாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். டீக்கடை மச்சான் அந்தப் பக்கத்திலிருந்து, "மெதுவா, மெதுவா" என்று அக்கறையாகச் சத்தம் கொடுப்பார். பதின்மூன்றாம் நாள் முழங்கால் வீங்கி, அவள் வரவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்கதான் நல்லா எழுதுவீங்க. ராஜினாமா எழுதிக் குடுங்கக்கா."

வேறு யாரிடமாவது கேட்கக் கூடாதா என்று வாய்வரை வந்தது. எழுதினேன். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, "எனது சொந்தக் காரணங்களால் பணியைத் தொடர இயலவில்லை" என்று நாலு வரி. தாளை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்து, உதடு அசையப் படித்தாள். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"சொந்தக் காரணம்னா இன்னாக்கா?"

"எல்லாரும் அப்டித்தான் எழுதுவாங்க."

"எல்லாரும் எழுதறத எனக்கு எதுக்குக்கா எழுதறீங்க? பஸ்ஸ அந்தப் பக்கம் நிறுத்திட்டாங்க, செவுரு தாண்ட என்னால முடியல. அத எழுதுங்க."

வேறு தாள் எடுத்து அப்படியே எழுதினேன். அவள் அதையும் வாங்கி, மறுபடி முதல் வரியிலிருந்து விரல் வைத்துக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.